காலி சிலிண்டர்

அந்த ஓலைக் கொட்டானைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிடுங்கக்கா, என் காலு அதுலயே இடிக்கி. என்னது, கருப்பட்டியா? அதான் ஏறும்போதே மணந்துச்சு. நல்ல கனம்லா? ஒத்தையில எப்பிடித் தூக்கிட்டு ஏறுனிய? சும்மாதான் கேட்டேன். கனமான சாமானைப் பாத்தா நான் கேக்காம இருக்க மாட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பொறவு சொல்லுதேன்.

இல்ல, சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். தங்கபாய் டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாவல்லா, பாத்தியளா, கண்ணாடி போட்ட ஒல்லி அம்மா? அவியதான். "எட்டி, போற வழியில யார்ட்டயும் வாயைத் தொறந்திராத. நீ ஒரு டெய்லர். பேரு, ஊரு, தையலு, அதோட நிறுத்திக்கோ"ன்னாவ. சரி சரின்னு தலையாட்டுனேன். நான் என்ன கோட்டியா, பஸ்ஸுல கண்டவங்ககிட்ட கதை சொல்ல?

உங்களைச் சொல்லலக்கா. உங்களைப் பாத்தா சங்கரன்கோயில்ல எறங்குத ஆளு மாதிரி இருக்கு. எறங்கிப் போயிருவிய, பொறவு நான் உங்களை எங்க பாக்கப் போறேன். அதனால சொன்னா தப்பில்ல.

என் பேரு முப்பிடாதி. எங்க ஊரு அம்மன் பேரு. கதியில்லாத பொம்பளைப் பிள்ளைங்களுக்குச் சபை நடத்துத இல்லத்துல எப்சிபான்னு வச்சாவ. அது பைபிள்ல உள்ள பேராம், "என் பிரியம் அவளிடத்தில்"னு அர்த்தமாம். அதுக்கு முன்னால பெங்களூர்ல ஒருத்தி எனக்கு ஸ்வீட்டின்னு வச்சிருந்தா. எல்லாத்துக்கும் திரும்பிப் பாக்கப் பழகிட்டேன். இப்ப போற ஊருல முப்பிடாதி டெய்லர்தான், முடிவு பண்ணியாச்சு.

நான் சாட்சி சொல்லுதவக்கா. சொல்லுதவளா இருந்தேன். கோர்ட்டு சாட்சி இல்ல. சபையில மைக்குல நின்னு, முன்னால நான் இப்பிடிக் கெடந்தேன், ஆண்டவர் தூக்கி எடுத்தார், இப்ப இப்பிடி இருக்கேன்னு சொல்லணும். எல்லாருந்தான் சொல்லுவாவ. ஒருத்தருக்குக் குடியை விட்ட கதை, ஒருத்தருக்குச் சிறுநீரகக் கல்லு கரைஞ்ச கதை. ஆனா நான் மைக்கைப் பிடிச்சுட்டேன்னு வைங்க, கல்லு கரைஞ்சவரு பேசாம உக்காந்துருவாரு. அறுப்பின் பண்டிகையா, கிறிஸ்மஸ் கூடுகையா, பொம்பளைங்க உபவாசக் கூட்டமா, எங்க பாத்தாலும் நாந்தான். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. பூ வைக்கப்படாது, வளையல் கூடாது. தலையைக் குனிஞ்சு மேடை ஏறணும். கோயில்பிள்ளை அண்ணன்னு கீபோர்டு வாசிக்கிறவரு, நான் "அந்தக் கதவு"ன்னு சொன்ன உடனே சோகமா ஒரு ராகத்தை இழுப்பாரு. அந்த இடத்துல பொம்பளைங்க பக்கம் மூக்குறிஞ்சுத சத்தம் கேக்கும். கேக்கலைன்னா நான் கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் "அந்தக் கதவு"ன்னு சொல்லுவேன்.

அதுல ஒரு ருசி இருக்குக்கா, இல்லைன்னா பொய். கூட்டம் முடிஞ்சா ஆளாளுக்குக் கட்டிப் பிடிப்பாவ. பிரியாணியில எனக்கு நல்ல கறியாப் பாத்து வைப்பாவ. ஆனா ஒருத்தரும் "உனக்கு என்ன கலரு பிடிக்கும்"னு கேட்டதில்ல.

கதையா? கதை என்ன கதை. தூரத்துச் சித்தி முறை ஒருத்தி பனியன் கம்பெனி வேலைன்னு கூட்டிட்டுப் போனா. போன எடத்துல பனியனும் இல்ல, கம்பெனியும் இல்ல. அதுக்கு மேல கேக்காதிய. சாட்சியிலயும் அந்த எடத்தை "சொல்ல முடியாத பாடுகள்"னு சொல்லித் தாண்டிருவோம். தாண்டுனா போதும்.

நான் தப்பிச்சதைக் கேளுங்க, அதுதான் என் சொத்து. மூணாவது மாடி வீடு. ஸ்வீட்டின்னு பேரு வச்சாளே, அவதான் சாவி வச்சிருப்பா. கதவை யாருக்கும் தொறக்க மாட்டா. கேஸ் சிலிண்டர்காரனுக்கு மட்டும் தொறந்துதான ஆகணும்? அவளும் சோறு பொங்கணும்லா. நான் அதை ரொம்ப நாளா பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு அவன் நிறைஞ்சதை உள்ள வச்சான். எதிர் வீட்டுக் காலிச் சிலிண்டரை ஒரு தோள்ல தூக்கிட்டான். எங்க காலி வாசல்ல நிக்கி. அவ கேஸ் புக்கைத் தேடி உள் ரூமுக்குப் போனா. நான் காலியை அலாக்காத் தூக்கி இடுப்புல வச்சேன். "நான் கொண்டாரேம்ணா"ன்னேன். அவன் தருமபுரிக்காரன் போல, தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் "சரிம்மா, பாத்து வா"ன்னான். நைட்டியோட, செருப்பில்லாம, அவன் பின்னாலயே படியிறங்குனேன்.

ஓடலக்கா. அதைக் கவனிங்க. ஓடுனா பிடிப்பாவ. சிலிண்டரைத் தூக்கிட்டுப் போறவளை எவன் பிடிப்பான்? வழிதான் விடுவான். கீழ வாட்ச்மேன்னு ஒரு தடியன் இருப்பான், எங்களைப் பாத்துக்கிடத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் ஸ்டூலை நகட்டிப் போட்டு எனக்கு வழி விட்டான்! தெருவுல எறங்குனதும் வண்டியில வைன்னு சிலிண்டர்காரன் கையை நீட்டுதான். நான் குடுக்கவே இல்ல. நடந்துக்கிட்டே இருக்கேன். "ஏம்மா, சிலிண்டரு, ஏம்மா, கம்பெனிக்கு நான் பதில் சொல்லணும்"னு கத்திக்கிட்டே பின்னால வாரான். அந்த ஆளையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னேன். அங்க உள்ளவங்க முதல்ல என்னைச் சிலிண்டர் திருடின்னு நெனைச்சு உக்கார வச்சாவ. பொறவு விஷயம் தெரிஞ்சு இல்லத்துல சேத்துவிட்டாவ. இடுப்புல அச்சுப் பதிஞ்சு ரொம்ப நாள் கெடந்துச்சு.

சிரிங்கக்கா, தாராளமா சிரிங்க. சிரிக்கத்தான வேணும்? ஆனா டீச்சர் இதைச் சாட்சியிலேர்ந்து எடுத்துட்டாவ. சபைக்குப் பின்னால ஹால்ல வச்சு ஒத்திகை. அவிய சொல்லுதாவ: "சிலிண்டரு வேண்டாம்மா. சபையார் சிரிச்சிருவாவ. சிரிப்பு வந்துட்டுன்னா உருக்கம் போயிரும். நீ முழங்கால்ல நின்னு ஜெபிச்ச, ஒருத்தர் வந்து கதவைத் தொறந்தார்னு சொல்லு." நான் ஜெபிக்கல டீச்சர், கேஸ் தீரட்டும் கேஸ் தீரட்டும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்னேன். "அதுவும் ஜெபந்தாம்மா"ன்னுட்டாவ. எப்பிடி இருக்கு பாருங்க! சரி, வந்தவரு யாருன்னு கேட்டா? "வெள்ளை உடுப்பு"ன்னு போட்டுக்கிடுவோம்னாவ. அவன் போட்டிருந்தது காக்கி. எங்க டீச்சர்தான் வெளுத்து விட்டாவ.

அப்பிடியே அவன் தேவதூதன் ஆயிட்டான். சிலிண்டரைத் தூக்குனவ நானு, பேரு அவனுக்கு. யேசுவுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லக்கா, அவரு பாவம், அவரு கதையையும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்காவ. எனக்குச் சண்டை அவரு ஆபீஸ்ல வேலை பாக்கவங்ககூடத்தான்.

இது சங்கரன்கோயில்லா? எறங்கலையா? ராஜபாளையமா இருக்கும் அப்ப. உக்காருங்க, இந்தா, டீச்சர் குடுத்த பொட்டலம். எலுமிச்சைச் சோறும் அவிச்ச முட்டையும். நீங்க ஒரு முட்டை எடுத்துக்கிடுங்க. சோத்துல உப்பு கம்மி, முன்னாலேயே சொல்லிட்டேன். அவிய எதுலயும் அளந்துதான் போடுவாவ.

அந்தப் போஸ்டரைச் சொல்லணும். அதுதான் என்னை இந்த பஸ்ஸுல ஏத்திவிட்டது.

நான் தையல் நல்லாத் தைப்பேன். டீச்சரே அவிய மிஷினைக் குடுத்து, இல்லத்துக்கு வெளிய கடைத்தெருவுல ஒரு சின்ன எடம் பிடிச்சுக் குடுத்தாவ. சபை அங்கேர்ந்து தூரம், அந்தத் தெருவுல என்னை யாருக்கும் தெரியாது. பொம்பளைங்க அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து குடுக்க ஆரம்பிச்சாவ. ஒரு பொம்பளை தன்னோட அளவு ஜாக்கெட்டை நம்பிக் குடுக்குதான்னா சாதாரணமா? கல்யாண வீட்டு ஆர்டரு ஒண்ணு வந்துச்சு. பொண்ணுக்கு, பொண்ணோட அம்மைக்கு, தங்கச்சிக்கு, எல்லாம் எங்கிட்டதான். அந்த அம்மா "எப்பா, கழுத்து எப்பிடி உக்காருது"ன்னு கண்ணாடி முன்னால திரும்பித் திரும்பிப் பாத்தா. பிரியாணியில நல்ல கறி வச்சப்ப வராத சந்தோஷம் எனக்கு அன்னிக்கு வந்துச்சு.

அப்பதான் கன்வென்ஷன் வந்துச்சு. பெரிய மைதானத்துல பந்தல் போட்டு நடக்குத கூட்டம். போஸ்டர்ல என் படம். எங்களை மாதிரி பிள்ளைங்க முகத்தைக் காட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா, சபைப் பத்திரிகையில போடும்போது கண்ணுல கருப்புப் பட்டை போட்டுத்தான் போடுவாவ. சபையில அந்தப் பட்டை போட்ட படத்தைத்தான் பிரஸ்ஸுக்குக் குடுத்தாவளாம். பிரஸ்ஸுல உள்ள தம்பியும் சபைக்காரன். "கருப்புப் பட்டை போட்டா அக்கா திருடி மாதிரி இருக்காவ, விடுதலை ஆனவங்க முகம் பிரகாசமா இருக்கணும்"னு, இல்லத்து ஆண்டு விழாப் படத்தைத் தேடி எடுத்து, பட்டை இல்லாம, பின்னால ஒளிவட்டம் மாதிரி மஞ்சள் வேற குடுத்து அடிச்சுட்டான். அவ்வளவு பாசம்! கீழ பெரிய எழுத்துல "பாவச் சேற்றிலிருந்து மீட்கப்பட்ட சகோதரி". பெங்களூருன்னு ஊரு பேரும் போட்டிருந்தான், சந்தேகம் வந்துறக் கூடாதுல்லா.

ஒட்டுறவனுக்கு எங்க எடம் கெடைச்சது தெரியுமா? என் கடைக்கு நேர் எதிர்ச் சுவரு. காலையில கதவைத் தொறக்கேன், நானே என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கேன்.

ஒருத்தரும் சண்டை போடலக்கா. வந்து, "அளவு ஜாக்கெட்டைக் குடும்மா, ஊருக்குப் போறோம்"னாவ. இன்னொருத்தி, "துணி இப்ப வெட்ட வேண்டாம்"னா. கல்யாண வீட்டம்மா தானா வரல, வேலைக்காரப் பொண்ணை விட்டு, வெட்டுன துணியைக் கூட அப்பிடியே வாங்கிட்டா. பொறவு ஆம்பளைங்க வந்தாவ. கடை போர்டுல லேடீஸ் டெய்லர்னு போட்டிருக்கு. வாசல்ல நின்னு போர்டை வாசிச்சுட்டுத்தான் உள்ள வந்தானுவ.

அதோட ஷட்டரை எறக்கிட்டேன்.

கன்வென்ஷனுக்குப் போனேன். போகாம இருப்பேனா? நீலக் கரைச் சேலை கட்டலை. இந்தக் கனகாம்பரக் கலர்ச் சேலையைத்தான் கட்டிக்கிட்டு, தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு மேடை ஏறுனேன். கோயில்பிள்ளை அண்ணன் ராகத்தை இழுக்கக் கையை வச்சுக்கிட்டு இருக்காரு. நான் "அந்தக் கதவு"ன்னேன். இழுத்தாரு. "அந்தக் கதவைத் தொறந்தது தேவதூதன் இல்ல, கேஸ்காரன்"னேன். ராகம் நின்னுபோச்சு. அப்பிடியே மொத்தத்தையும் சொன்னேன், உங்ககிட்டச் சொன்னனே அதே மாதிரி. நைட்டி, தருமபுரிக்காரன், ஸ்டூலை நகட்டுன தடியன். இடுப்புல வச்சு நடந்து காட்டுனேன், மைக்கு வயரு கால்ல மாட்டிக்கிட்டு. பொம்பளைங்க பக்கம் முதல்ல ஒரு கிழவி சிரிச்சா. அதுக்குப் பொறவு பந்தலே சிரிச்சுச்சு! சபைப் பாதிரியார் ஐயரு நாற்காலியில இருமுத மாதிரி நடிச்சாரு. ஸ்டேஷன்ல திருடின்னு உக்கார வச்ச எடத்துல கை தட்டுனாவ. நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கேன், அன்னிக்குத்தான் நான் சொன்னது எனக்கே காதுல விழுந்துச்சு. கடைசியில, "என் முகத்தைச் சுவத்துல ஒட்டுனிய, என் பொழப்பு போச்சு, போயிட்டு வாரேன்"னு சொல்லிட்டு எறங்குனேன். அதுக்கு யாரும் கை தட்டல.

டீச்சர் மட்டும் பாவம். நான் கேஸ்காரனைச் சொன்னதிலேர்ந்து முன் வரிசையில முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, குனிஞ்சு, குலுங்கிக் குலுங்கி அழுதாவ. கண்ணுல தண்ணியாக் கொட்டுது. அவ்வளவு அவமானம் அவியளுக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.

ராஜபாளையமும் போச்சே, எறங்கலையா நீங்க? அப்ப ஸ்ரீவில்லிபுத்தூரு. அந்தா, பால்கோவாக்காரன் ஏறிட்டான். வேண்டாம்பா, எங்ககிட்டக் கருப்பட்டி இருக்கு.

இதைக் கேளுங்க, ஒரு அதிசயம். மறுநாள் காலையில என் கடைக்கு எதிர்ச் சுவத்துல போஸ்டரைக் காணும்! ஒண்ணு ரெண்டு இல்ல, கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, கோர்ட்டு மதிலு, ஒரு எடத்துல இல்ல. சும்மா கிழிக்கல, தண்ணி ஊத்தி ஊறவச்சு, கரண்டியை வச்சுச் சுரண்டி எடுத்திருக்கு. சபைக்கு ஆகாத எவனோ பண்ண வேலைன்னு ஐயரு சொன்னாரு. எவனா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்னு நெனைச்சுக்கிட்டேன். இதை டீச்சர்ட்டச் சொல்லலாம்னு போனா, அவிய வாசல்ல உக்காந்து முட்டியில தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காவ. நகம் எல்லாம் மாவு ஒட்டிக் காஞ்சுபோய்க் கறுப்பா இருக்கு. ஆப்பத்துக்கு ஆட்டுனாவ போல. நான் சொன்னதுக்கு "அப்பிடியா, நல்லதாப் போச்சு"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். முகத்தைக் கூட நிமிந்து பாக்கல. அன்னிக்கே யாருக்கோ போன் போட்டு, போடியில எனக்கு ஒரு ரூம் பாத்து, மிஷினை லாரியில ஏத்தி விட்டுட்டாவ. "தையல் தெரிஞ்ச பொண்ணு, எனக்கு வேண்டிய பொண்ணு"ன்னு மட்டுந்தான் வீட்டுக்காரம்மாட்டச் சொன்னாவளாம். தொல்லை தீந்துச்சுன்னு அனுப்பிட்டாவ, வேற என்ன?

என்னக்கா அப்பிடிப் பாக்கிய?

டீச்சரா? போங்கக்கா, நீங்க வேற. அவிய ரிட்டயர்டு டீச்சரு, ஏணி மேல ஏறி... முட்டி வலிக்காரி, மாடிப்படியே ஒவ்வொண்ணா நின்னுதான்...

ஆப்ப மாவு எப்பிடிக்கா கறுப்பா இருக்கும்?

...

கொஞ்சம் பேசாம வாங்க. எனக்கு வெளிய பாக்கணும்.

இந்தச் சோத்துல உப்பு கம்மின்னு சொன்னேன்லா. இல்ல. சரியாத்தான் இருக்கு.

எந்த ஊரு இது, தேனியா? தூங்கிட்டேனா நான்? நீங்க இன்னும் எறங்கலையே. தேனிக்கு அங்கிட்டு போடிதான இருக்கு. அக்கா... நீங்க எங்க எறங்கணும்? நான் கேக்கவே இல்லைல்லா.

போடியா.

போடியில எங்கன? பச்சைக் கேட்டு வீட்டுக்கு எதுத்த சந்தா? எனக்கு வீடு பாத்திருக்கதே அந்தப் பச்சைக் கேட்டு வீட்டு மாடிதான். வீட்டுக்காரம்மாவைத் தெரியுமா உங்களுக்கு? தண்ணி பிடிக்க அவங்க வீட்டுக்குத்தான் வருவியளா, தினமும்?

செத்தேன் போ.

என் வாயை என்ன செய்ய, சொல்லுங்க. மைக்கு இல்லைன்னாலும் இது நிக்க மாட்டேங்குது. ஒரு போஸ்டரைச் சுரண்ட ஒரு மனுஷி முட்டி வலியோட ஊரு பூரா அலைஞ்சிருக்கா. நான் பஸ்ஸுல ஏறி உக்காந்து, நானே அடுத்த போஸ்டரை ஒட்டிட்டேன். இப்ப எறங்கி வேற ஊருக்குப் போகவும் எனக்கு எடம் கெடையாது. உங்க கையிலதாங்க்கா இருக்கு என் பொழப்பு.

சத்தியமெல்லாம் வேண்டாம். சத்தியம் பண்ணவ கதியைத்தான் இப்ப நேர்ல பாக்கியளே. வேற ஒண்ணு செய்யிங்க. உங்க கதையில ஒண்ணு சொல்லுங்க. யார்ட்டயும் சொல்லாதது. இத்தனை சபையில நான் சொன்னேன், ஒருத்தரும் எனக்குத் திருப்பி ஒண்ணு சொன்னதில்லக்கா. அழுதுட்டு, கண்ணைத் தொடைச்சுட்டு, சாப்பிடப் போயிருவாவ. நீங்க சொல்லுங்க. உங்களுது எங்கிட்ட, என்னுது உங்ககிட்ட. அப்ப ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருப்போம்.

இல்லாம இருக்குமா? பொம்பளைக்கு ஒண்ணு இல்லாம இருக்குமா. மெதுவாச் சொல்லுங்க. காதைக் கிட்டக் கொண்டாரேன்.

...

எப்ப?

...

அவருக்குத் தெரியுமா? இன்னிக்கு வரைக்கும்?

...

அழாதீங்க. மூக்கை உறிஞ்சாதீங்க, எனக்கு அந்தச் சத்தம் கேட்டு அலுத்துப் போச்சு. இந்தா, என் முந்தானையில தொடைங்க.

நான் என்னமோ பெரிசாத் தூக்கிட்டு வந்தவன்னு இவ்வளவு தூரம் பீத்திக்கிட்டு வந்தேன். என்னுது காலி சிலிண்டர்தான் அக்கா. உங்களுது நிறைஞ்சது. அதையும் வச்சுக்கிட்டு எத்தனை வருஷமா தண்ணி பிடிக்கப் போய்ட்டு வாரிய.

கண்டக்டரு கத்துதாரு, போடி வந்துட்டு. எந்திரிங்க. இல்ல, அந்தக் கொட்டானை ஒத்தையில தூக்காதிய. நீங்க அந்தப் பக்கக் காதைப் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கேன். உங்க அளவு ஜாக்கெட்டு ஒண்ணு எனக்கு நாளைக்கே வேணும், சொல்லிட்டேன். முகத்தைத் தொடைச்சுட்டு நேராப் பாத்து வாங்க. எதுக்கு அவசரம்? கனமா எதையாவது தூக்கிக்கிட்டு மெதுவா நடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. வழிதான் விடுவாவ.